கமுதி கோயில் வாசலில் ஒரு டிரஸ்பாஸ் வழக்கு

நம் கரிசக்காட்டில் ஆடு மாடு அடுத்தவர் வெள்ளாமையில் வாய் வைத்தால் பவுண்டில் கொண்டுபோய் அடைப்பார்கள். மனுஷன் கால் வைத்தால்? இங்கிலீஷ்காரன் சட்டத்தில் அதற்கு 'டிரஸ்பாஸ்' என்று பெயர். ஒரு கதிர்கூட ஒடிய வேண்டாம். அனுமதியில்லாமல் நுழைந்ததே தவறு, நஷ்டஈடு கேட்கலாம். ஆளை அடிப்பது, அடிக்கக் கை ஓங்குவது, அடைத்து வைப்பது எல்லாம் இதே குடும்பம்தான். அடிப்பதற்கு அவர்கள் வைத்த பெயர் 'பேட்டரி'. கோர்ட்டில் குமாஸ்தாவாகச் சேர்ந்த புதிதில் டார்ச் லைட் சமாச்சாரம் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்தச் சட்டம் நம் பக்கத்துக் கமுதியில் என்ன வேலை செய்தது என்று நம்மில் பலருக்குத் தெரியாது.

1897 மே 14 அன்று நாடார்கள் சிலர் கமுதி மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோயிலுக்குள் போய்ச் சாமி கும்பிட்டார்கள். கோயிலின் பரம்பரை தர்மகர்த்தா ராமநாதபுரம் ராஜா பாஸ்கர சேதுபதி. விவேகானந்தர் சிகாகோ போக முன்நின்ற அதே மனிதர்தான். அவர் மதுரை சப் கோர்ட்டில் வழக்குப் போட்டார். இவர்களுக்கு நுழைய உரிமையில்லை என்று அறிவிக்க வேண்டும், இனி வராமல் தடுக்க வேண்டும், கோயிலைச் சுத்தி செய்ய 2,500 ரூபாய் தர வேண்டும் என்று கேட்டார்.

வீடென்றால் சொந்தக்காரன் வேண்டாமென்றால் முடிந்தது. கோயில் யார் வீடு? அதனால் வழக்கு முழுக்க 'வழக்கம்' என்ற ஒரு சொல்லின் மேல் நின்றது. இதுவரை உள்ளே போனவர் யார், போகாதவர் யார்? 1899-ல் தீர்ப்பு ராஜா பக்கம். சிவகாசிக் கலவரமும் அதே வருஷம்தான்.

அப்பீல் நடக்கும்போது ராஜாவே மனம் மாறி நாடார்களோடு சமரசத்துக்கு வந்தார். கோர்ட் ஏற்கவில்லை. வழக்கத்தை மாற்ற தர்மகர்த்தாவுக்கு அதிகாரமில்லையாம்! கதவைச் சாத்த இருந்த அதிகாரம் திறக்க இல்லாமல் போயிற்று. எனக்கு இன்றும் ஆறாத இடம் இதுதான். ராஜா 1903-ல் காலமானார். 1908-ல் லண்டன் பிரிவி கவுன்சிலும் அதையே உறுதி செய்தது.

1939 ஜூலை 8-ல் வைத்தியநாதய்யர் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அரிஜன மக்களையும் ஒரு நாடாரையும் அழைத்துப்போனபோது, கமுதித் தீர்ப்பு உயிரோடுதான் இருந்தது. அவர்கள்மேலும், உள்ளே விட்ட அதிகாரிகள்மேலும் யாரும் வழக்குப் போடலாம். அதனால்தான் ராஜாஜி அரசாங்கம் அவசரச் சட்டம் போட்டது. பிறகு வந்த சட்டத்தின் பெயரிலேயே, நுழைய அனுமதியோடு வழக்கிலிருந்து பாதுகாப்பும் சேர்ந்திருந்தது.

மாகாணம் முழுக்கக் கோயில்கள் திறக்க 1947 ஆயிற்று.