ஃபார் லூப்பும் சென்னிமலைத் தறியும்

சி மொழி கத்துக்க ஆரம்பிச்சவங்க முதல்ல திணறுற இடம் லூப். எங்க ஆரம்பிக்குது, எங்க நிக்குது? இந்த ரெண்டு கேள்விக்கும் பதில் ஈரோடு பக்கத்துல, சென்னிமலையில, தறிக்கு மேல தொங்குது.

சென்னிமலை பெட்ஷீட்டுக்குப் பேர் போன கைத்தறி ஊர். பூ டிசைன் போடுற தறிக்கு மேல ஜக்கார்டு பெட்டி இருக்கும். துளை போட்ட அட்டைகளை வரிசையா கோத்து அதுல மாட்டியிருப்பாங்க. ஒரு ஊடைக்கு ஒரு அட்டை. துளை இருந்தா அந்தப் பாவு நூல் மேலே எழும். இல்லைன்னா அப்படியே கிடக்கும். கடைசி அட்டையை முதல் அட்டையோட சேர்த்துக் கட்டியிருப்பதால, டிசைன் முடிஞ்சதும் மறுபடி முதல்ல இருந்து வரும். லூப்ங்கிறது இதுதான்.

இந்தக் கருவியை 1804-ல உருவாக்கினவர் பிரான்ஸின் லியோன் நகரத்து ஜோசப் மரி ஜக்கார்டு. அதுக்கு முன்னாடி, பாவு நூலை இழுத்துப் பிடிக்க நெசவாளர் கூட இன்னொரு ஆள் வேணும். அட்டை வந்ததும் அந்த ஆளோட வேலை போச்சு.

ஆனா எப்ப நிறுத்தணும்னு அட்டைக்குத் தெரியாது. நீளம் பார்த்து நிறுத்துறது நெசவாளர்தான். இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் தன் அனலிட்டிக்கல் இன்ஜினுக்கு இதே அட்டைகளை எடுத்துக்கிட்டார். கணக்கின் விடையைப் பார்த்து, திரும்பப் போகணுமா, மேலே போகணுமான்னு இயந்திரமே முடிவெடுக்கணும்னு திட்டம் போட்டார். அந்த இயந்திரத்தைப் பத்தி 1843-ல ஏடா லவ்லேஸ் வெளியிட்ட குறிப்புகள், திரும்பத் திரும்ப வரும் கட்டளைகளைச் சுழற்சியா விளக்குது. இயந்திரம் முழுசா கட்டப்படவே இல்லை. யோசனை மட்டும் பிழைச்சது.

1970-களின் தொடக்கத்தில் பெல் லேப்ஸில் டென்னிஸ் ரிட்ச்சி உருவாக்கின சி மொழியில, ஃபார் லூப்புக்கு மூணு பகுதி: தொடக்கம், நிபந்தனை, ஏற்றம். நடுவுல இருக்கிற நிபந்தனைதான் நெசவாளரோட கண்ணு. அதைக் காலியா விட்டா லூப் தானா நிக்காது.

இப்ப ஒரு பயிற்சி. 8 வரி சிவப்பு, 8 வரி வெள்ளை. இது 5 தடவை வரணும். வெளியே ஒரு லூப், உள்ளே ரெண்டு லூப். மொத்தம் 80 வரி. 0-ல எண்ண ஆரம்பிச்சா, வெளி லூப்பில் '5-ஐ விடக் குறைவு'ன்னு எழுதணும். 'குறைவு அல்லது சமம்'னு போட்டீங்கன்னா 96 வரி வந்துடும்.

திரையில அதை ஒரு நொடியில திருத்திடலாம். தறியில அந்தக் கூடுதல் 16 ஊடைக்கு நூலும் போகும், ஒரு மனுஷரோட உழைப்பும் போகும். எண்ணிப் பார்த்து எழுதுங்க.