விட்டவர்கள் திரும்பியபோது

ஜப்பானின் கிமிகோ டாத்தே 1996இல் டென்னிஸை விட்டபோது உலகின் முதல் பத்துப் பேரில் ஒருவர். அந்த ஏப்ரலில்தான் தோக்கியோவில் ஃபெட் கோப்பை ஆட்டமொன்றில் ஸ்டெஃபி கிராஃபை மூன்றாவது செட்டில் 12-10 என்று சாய்த்திருந்தார். ஜூலையில் விம்பிள்டன் அரையிறுதியில் அதே கிராஃபிடம் மூன்று செட் போராடித் தோற்றார். இருட்டிவிட்டதால் ஆட்டம் மறுநாளுக்குத் தள்ளிப்போனது. அதற்கு முந்தைய ஆண்டே நான்காம் இடம் வரை ஏறியிருந்தவர். இருபத்தாறு வயதில் போதும் என்று கிளம்பிவிட்டார்.

1998 ஜனவரியில் மெல்பர்ன் கிராண்ட் ஸ்லாம் போட்டியில் கோயம்புத்தூர்ப் பெண் நிருபமா வைத்தியநாதன், இத்தாலியின் குளோரியா பிட்சிகினியை முதல் சுற்றில் வென்றார். தொழில்முறை ஆட்டக்காரர்களுக்குக் கதவு திறந்த 1968க்குப் பிறகு கிராண்ட் ஸ்லாம் பிரதானச் சுற்றில் ஓர் இந்தியப் பெண் பெற்ற முதல் வெற்றி அது. நிருபமா எட்டிய உச்ச இடம் 134.

நான்கையும் 134ஐயும் பக்கத்தில் வைத்தால் பேச்சே இல்லை என்பார்கள். எனக்கு அந்தக் கணக்கில் நம்பிக்கை குறைவு. டாத்தேயின் எட்டு ஒற்றையர் பட்டங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பான் ஓப்பனில் நான்கு, பான் பசிபிக் ஓப்பனில் ஒன்று: ஐந்து பட்டங்கள் சொந்த நாட்டிலேயே, தோக்கியோவில் வென்றவை. வீட்டுச் சாப்பாடு, பழகிய ஆடுகளம், தன் மொழியில் கத்தும் கூட்டம். இந்தியாவிலோ பெண்களுக்கான டபிள்யூடிஏ போட்டி 2003இல்தான் ஹைதராபாத்துக்கு வந்தது. அதுவரை அப்படிப்பட்ட போட்டியில் ஆட நிருபமா விமானம் ஏறவேண்டியிருந்தது. டிக்கெட் பணத்தை யார் கொடுப்பது என்பது ஆட்டத்துக்கு முன்னால் வரும் ஆட்டம். டாத்தே பெரிய ஆட்டக்காரர், அதில் சந்தேகமில்லை. பந்து எழும்பும்போதே தட்டிவிடும் அந்த வேகம் பயிற்சியால் மட்டும் வருவதல்ல. ஆனால் அந்தத் திறமை வளர இடம் இருந்தது.

இருவரும் திரும்பியும் வந்தார்கள். வித்தியாசம் அங்கே இன்னும் பளிச்சென்று தெரிகிறது. 2008இல், 37 வயதில், டாத்தே ஜப்பானின் கிஃபு நகரத்தில் ஒரு சிறிய போட்டியின் தகுதிச் சுற்றிலிருந்து தொடங்கினார். ஒற்றையரில் இறுதிவரை போனார், இளம் குருமி நாராவுடன் இரட்டையரை வென்றார். மறு ஆண்டு, 39ஆம் பிறந்தநாளுக்கு முந்தின நாள், சோலில் டபிள்யூடிஏ பட்டம். 2011 விம்பிள்டனில் வீனஸ் வில்லியம்ஸை மூன்றாவது செட்டில் 8-6 வரை இழுத்தார். ஊருக்குள்ளேயே சிறிய போட்டிகள் வரிசையாக நடக்கும் நாட்டில், பன்னிரண்டு ஆண்டு கழித்து வந்தவரும் முதல் படியில் கால் வைக்க முடிகிறது.

நிருபமா திருமணத்துக்குப் பின் அமெரிக்காவில் குடியேறியவர். தாயான பிறகு 2010 தில்லி காமன்வெல்த் விளையாட்டில் நிருபமா சஞ்சீவ் என்ற பெயரில் இந்தியாவுக்காக இறங்கினார். பட்டம் இல்லை, பெரிய செய்தியும் இல்லை. என் கண்ணுக்கு நிருபமாவின் திரும்பல்தான் கடினமானது. ஆனால் பதிவேடுகளில் டாத்தேயினுடையதுதான் நிற்கும்.

போட்டி ஊருக்கே வருவதைப் பற்றி ஜொகூர் பாருவில் இருந்துகொண்டு எழுதும்போது ஹாக்கி நினைவுக்கு வராமல் போகாது. 2011இல் தொடங்கிய சுல்தான் ஜொகூர் கோப்பையால், தாமான் டாயா திடலில் ஜப்பான், இந்திய இளையோர் அணிகளை நம் பிள்ளைகள் கைக்கெட்டும் தூரத்தில் பார்த்திருக்கிறார்கள். அப்படி ஆண்டுதோறும் வாசலுக்கு வரும் பெண்கள் டென்னிஸ் போட்டி எதுவும் இங்கே இல்லை. பந்தடிக்க ஆசைப்படும் தமிழ்ப் பெண்பிள்ளை இந்த ஊரில் டாத்தேயின் வழியில் அல்ல, நிருபமாவின் வழியில்தான் கிளம்பவேண்டியிருக்கும், அப்பா அம்மாவின் சேமிப்போடு.

டாத்தே 2017இல், 46 வயதில், கடைசி ஆட்டத்தையும் தோக்கியோவில்தான் ஆடினார். ஒரு கேமும் எடுக்காமல் தோற்றார்.