தொட்டியும் தகடும்: மிகையாற்றல் அண்டக்கதிர் உணர்கருவிகளின் வரலாறு

விண்வெளியிலிருந்து வரும் அணுக்கருக்களான அண்டக்கதிர்களுள் மிகையாற்றல் கொண்ட ஒன்று வளிமண்டலத்தில் மோதும்போது, சிதறும் துகள்கள் மீண்டும் மீண்டும் மோதிப் பெருகிப் பல கோடியாகத் தரையை அடைவதைத் துகள் பொழிவு என்பர். 1938-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் பியர் ஓஜே, ஆல்ப்ஸ் மலையில் 300 மீட்டர் வரை விலக்கி வைத்த எண்ணிகளும் ஒரே கணத்தில் துகள்களைப் பதிவு செய்ததைக் கொண்டு, அவை ஒரே பொழிவைச் சேர்ந்தவை என நிறுவினார்.

அதன்பின் கருவிகள் இரு மரபுகளாகக் கிளைத்தன. அமெரிக்காவின் வால்கேனோ ராஞ்ச்சில் ஜான் லின்ஸ்லி, துகள் பட்டதும் ஒளி மினுக்கும் மினுக்கிகள் 19-ஐ ஏறத்தாழ 8 சதுர கிலோமீட்டரில் பரப்பி, 1962-இல் 10²⁰ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுடைய பொழிவைப் பதிவு செய்தார். இங்கிலாந்தின் ஹாவரா பார்க்கிலோ 1967 முதல் 1987 வரை தண்ணீர்த் தொட்டிகள் இயங்கின. தண்ணீருக்குள் ஒளி செல்லும் வேகத்தையும் விஞ்சிப் பாயும் துகள் உமிழும் நீலநிறச் செரன்கோவ் ஒளியே அங்கு அளவுகோல். இவையன்றி, பொழிவு கடக்கையில் காற்றிலுள்ள நைட்ரஜன் வெளியிடும் மங்கிய ஒளியை நிலவற்ற இரவுகளில் தொலைநோக்கியால் பார்க்கும் முறையும் அமெரிக்காவின் யூட்டாவில் வளர்ந்தது.

அண்டவெளியை நிறைத்திருக்கும் நுண்ணலைப் பின்னணியுடன் மோதி ஆற்றலை இழப்பதால், மிகையாற்றல் கதிர்கள் ஓர் எல்லைக்கு மேல் அருக வேண்டும் என்று 1966-இல் கணிக்கப்பட்டிருந்தது. ஜப்பானின் அகாசா மினுக்கிகள் அவ்வீழ்ச்சியைக் காட்டாதிருக்க, யூட்டாவின் ஹைரெஸ் தொலைநோக்கிகள் காட்டின. பிழை முறையிலா, இயற்கையிலா என்ற ஐயத்தைத் தீர்க்க, ஒரே பொழிவை இரு முறைகளாலும் அளப்பதே வழியாயிற்று. ஜேம்ஸ் குரோனினும் ஆலன் வாட்சனும் 1992-இல் முன்மொழிந்து, அர்ஜென்டினாவின் மலார்கே நகருக்கருகே 2008-இல் நிறைவுற்ற பியர் ஓஜே ஆய்வகம் அத்தகையதே. 10²⁰ எலக்ட்ரான் வோல்ட்டை எட்டும் ஆற்றலில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு நூற்றாண்டுக்கு ஒரு துகள் என்ற அளவிலேயே விழுவதால், ஒவ்வொன்றும் 12,000 லிட்டர் தூய நீர் கொள்ளும் 1,600-க்கு மேற்பட்ட தொட்டிகள், 1.5 கிலோமீட்டர் இடைவெளியில், 3,000 சதுர கிலோமீட்டரில் சூரிய மின்சாரத்தில் இயங்குமாறு நிறுவப்பட்டன. விளிம்புகளில் தொலைநோக்கிகள் காவல் நின்றன.

ஆற்றல் மிகும்போது கதிர்களின் எண்ணிக்கை அருகுவது இதனால் உறுதியாயிற்று; ஆனால் வந்தது இலேசான புரோட்டானா, கனமான இரும்பு அணுக்கருவா என்பதைப் பிரித்தறிவது கடினமாகவே இருந்தது. சம ஆற்றலில் கனமான கரு அதிக மியூவான்களை, அதாவது எலக்ட்ரானின் கனத்த உறவினத் துகள்களை, உண்டாக்கும். 1.2 மீட்டர் ஆழ நீரை ஊடுருவும் மியூவான் மிகுந்த ஒளியை விட்டுச் செல்ல, மெல்லிய மினுக்கியோ எலக்ட்ரானையும் மியூவானையும் ஏறத்தாழ ஒன்றாகவே எண்ணும். ஆகவே இரண்டின் அளவீடுகளையும் ஒப்பிட்டால் மியூவான்களின் பங்கு புலப்படும். இக்கருத்தின்படி, ஓஜே பிரைம் என்னும் மேம்பாட்டுத் திட்டத்தில், தொட்டிகளின் தலைமேல் 3.8 சதுர மீட்டர் மினுக்கித் தகடுகளும் வானொலி அலைவாங்கிகளும் ஏற்றப்பட்டன. கடல் கடந்து தனித்தனியே வளர்ந்த வால்கேனோ ராஞ்ச்சின் மினுக்கியும் ஹாவரா பார்க்கின் தொட்டியும், மலார்கேயின் வறண்ட சமவெளியில் ஒன்றன்மேல் ஒன்றாக நின்று ஒரே பொழிவை அளக்கின்றன.