வினாவும் விரைவும்: அமெரிக்கப் பாடசாலை அறிவுப்போட்டியின் வரலாறு

விளையாட்டுக் களத்தில் ஓடும் மாணவன் வேறு, நூல்நிலையத்தில் அமர்ந்திருக்கும் மாணவன் வேறு என்பது ஆசிரியர் பலருடைய துணிபு. இவ்விருவரையும் ஒரே மேசையின் முன்னே இருத்த முயன்றதொரு போட்டி ஐக்கிய அமெரிக்காவிலே இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தோன்றி, அந்நாட்டின் உயர்நிலைப் பாடசாலைகள் பலவற்றிலும் வேரூன்றியுள்ளது. ‘குவிஸ் பௌல்’ என வழங்கும் அவ் வினாவிடைப் போட்டி தோன்றிய வரலாற்றையும், அது இடையிலே திரிந்த வகையினையும், புதிதாக ஓரணியைத் தொடங்கும் ஆசிரியர் எதிர்நோக்கும் நிலைமையினையும் ஈண்டு ஆராய்வாம்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்திற் படைவீரரின் பொழுதுபோக்கிற்கென டொன் றீட் என்பவர் வகுத்த ஆட்டமே இதற்கு மூலமாகும். கூடைப்பந்தாட்டத்தை மனத்திற் கொண்டே அவர் இதனை அமைத்தார். நடுவர் பந்தை மேலே எறிய இருதிறத்தாரும் அதனைக் கைப்பற்ற முயல்வதுபோல, வினாவொன்று இரு அணிகளுக்கும் பொதுவாக விடப்படும். மணியை முந்தி அழுத்தியவர் தம் அணியினரோடு கலந்து பேசாது தாமே விடை கூறல் வேண்டும். விடை சரியாயின் 10 புள்ளிகளும், அவ்வணிக்கு மட்டும் உரியதாகிய மேலதிக வினாவும் கிடைக்கும். மேலதிக வினாவிற்கோ நால்வரும் கூடி ஆலோசித்து விடையளிக்கலாம். தனியொருவனின் துணிவும் நால்வரின் ஒற்றுமையும் மாறிமாறிச் சோதிக்கப்படும் இவ்வமைப்பே இப்போட்டி நெடுங்காலம் நிலைத்தமைக்குக் காரணம் என்பது எமது கருத்து.

1953ஆம் ஆண்டு ஒக்ரோபர் 10ஆந் திகதி என்.பி.சி. வானொலியில் ‘கொலிஜ் குவிஸ் பௌல்’ முதன்முதலாக ஒலித்தது. நோத்வெஸ்ரேண் பல்கலைக்கழகமும் கொலம்பியாப் பல்கலைக்கழகமும் அன்று எதிர்த்து நின்றன. ‘எதிர்த்து நின்றன’ என்றாலும், அணிகள் ஒன்றையொன்று முகங்கொண்டு பார்த்தனவல்ல. ஒவ்வோர் அணியும் தன் கல்லூரியிலேயே இருக்க, அலன் லடன் என்னும் வினாவாளர் பிறிதோரிடத்திலிருந்து வினவ, கம்பிவழியே மூவிடமும் இணைக்கப்பட்டன. 1959ஆம் ஆண்டு சனவரி 4ஆந் திகதி, ஜெனரல் எலெக்றிக் நிறுவனத்தின் ஆதரவுடன், இப்போட்டி தொலைக்காட்சிக்கு வந்தது.

அவ்வாண்டு வினாவிடை நிகழ்ச்சிகளுக்குப் பொல்லாத ஆண்டு. ‘ருவென்ரி-வண்’ என்னும் பெரும்பரிசுப் போட்டியிலே நாடு போற்றும் வெற்றி பெற்றவரும், கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராயிருந்தவருமாகிய சாள்ஸ் வான் டோரன், வினாக்களும் விடைகளும் தமக்கு முன்னரே தரப்பட்டன என 1959 நவம்பரில் அமெரிக்கக் காங்கிரசின் விசாரணைக் குழுவின்முன் ஒப்புக்கொண்டார். இத்தகைய மோசடி சட்டப்படி குற்றமாகுமென 1960இல் விதிக்கப்பட்டது. பெரும்பரிசு நிகழ்ச்சிகள் பல மறைந்தொழிந்தன. ‘கொலிஜ் பௌல்’ மறையவில்லை. அதன் பரிசு தனியாள் ஒருவரின் பணப்பையைச் சேராது கல்லூரிக்குப் புலமைப்பரிசிலாகச் சென்றமை அதற்கு ஓரளவு காவலாயிருந்திருக்கலாம்.

1966ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒரு போட்டியை இங்குக் குறிப்பிடாது செல்லுதல் தகாது. ஜோர்ஜியா மாநிலத்திலுள்ள அக்னஸ் ஸ்கொற் என்னும் சிறிய மகளிர் கல்லூரி, அக்காலத்தில் ஆடவர்க்கு மட்டுமே பட்டப்படிப்பு அளித்துவந்த பிரின்ஸ்ரன் பல்கலைக்கழகத்தை எதிர்கொண்டது. ஆட்டம் முடியுந் தறுவாயிற் பின்தங்கி நின்ற மகளிர் அணி, கண்பார்வையற்ற மாணவி ஒருத்தி இறுதிக் கணத்தில் அளித்த விடையால் 220க்கு 215 என்னும் கணக்கில் வென்றது. கல்லூரியின் செல்வமும் தொன்மையும் மணிப்பொத்தானின் முன்னே செல்லுபடியாகா என்பதற்கு இதனினும் சிறந்த சான்று தேடவேண்டுவதில்லை.

உயர்நிலைப் பாடசாலைகளுக்கென இம்முறையைக் கைக்கொண்டோருள் முன்னிற்பவர் சோபி ஓல்ற்மன் என்னும் அம்மையார். அவர் 1961இல் வோஷிங்ரன் நகரிலே தொடங்கிய ‘இற்ஸ் அக்கடமிக்’ நிகழ்ச்சியை மக் மகாரி 2011 வரை ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் நடத்தினார். அதற்கு அடுத்த ஆண்டு, 1962 செப்ரெம்பரில், இங்கிலாந்து இதே ஆட்டத்தை ‘யூனிவேசிற்றி சலன்ஜ்’ என்னும் பெயரால் ஏற்றுக்கொண்டது. ஆங்கே 1975இல் மஞ்செஸ்ரர் பல்கலைக்கழக அணியினர், ஒக்ஸ்போட், கேம்பிரிஜ் ஆகியவற்றின் கல்லூரிகள் தனித்தனி அணிகளாக இடம்பெறுதலைக் கண்டிக்குமாறு, கேட்ட வினாக்களுக்கெல்லாம் மாக்ஸ், லெனின், றொட்ஸ்கி, சே குவேரா என்றே விடையிறுத்தனர். சிரிப்புக்குரிய செய்தியெனினும், போட்டியின் அமைப்பு நீதியானதா என்ற வினா அதனுள்ளே கிடந்தது.

அமெரிக்காவிலும் நீதிபற்றிய வினா எழுந்தது. ஆனால் அஃது அணிகளைப் பற்றியதன்று, வினாக்களைப் பற்றியது. தொலைக்காட்சிக்கென இயற்றப்பட்ட வினாக்கள் பெரும்பாலும் ஓரிரு வரியுள் அடங்குவன. ‘மகிந்த தேரரை இலங்கைக்கு அனுப்பிய மோரியப் பேரரசன் யார்?’ என்று வினவினால், அசோகனைப் பற்றி ஒரு வரி அறிந்தவனும் ஓராயிரம் வரி படித்தவனும் சமமாவர். விரல் விரைந்தவனுக்கே வெற்றி. பார்வையாளருக்கு இது விருந்து, படித்தவனுக்கோ அநீதி. 1970இல் தொலைக்காட்சிப் போட்டி நின்றது. 1977 முதல் அது கல்லூரி வளாகங்களிலே புத்துயிர் பெற்றபோது, ஆடிய மாணவர்களே இக்குறையை உணரலாயினர். கூம்பக வினா எனத்தக்க ஒரு வடிவம் அவர்களிடையே மெல்ல உருவாயிற்று. 1990களில் அது நிலைபெற்றது.

அதே அசோகனைக் கூம்பக முறையில் வினவுவோமாயின், வினா இவ்வாறு தொடங்கும்: கந்தகாரிலே கிரேக்கத்திலும் அரமேயத்திலும் பொறிக்கப்பட்ட இம்மன்னனின் சாசனம் 1958இல் கண்டெடுக்கப்பட்டது. அடுத்து, 1837இல் ஜேம்ஸ் பிரின்செப் பிராமி எழுத்தைப் படித்தறிந்தபின், ‘பியதசி’ என்பான் இவனே என்பதை இலங்கையில் அரச சேவையிலிருந்த ஜோர்ஜ் ரேணர் பாளி நூல்களைக்கொண்டு காட்டினார் என்பது வரும். பின்னர் கலிங்கப் போர். ஈற்றிலேதான் மகிந்தர். வினா வாசிக்கப்படும்போதே எவ்விடத்திலும் மணியை அழுத்தலாம். ஆதலின், ஆழக் கற்றவன் முதல் வரியிலேயே அழுத்துவான், மேலோட்டமாகக் கற்றவன் ஈற்றுவரைக்கும் காத்திருப்பான். அவசரப்பட்டு இடையில் அழுத்திப் பிழைபட்டால் 5 புள்ளிகள் குறைக்கப்படுதலும், மிக முன்னரே சரியாகக் கூறின் 15 புள்ளிகள் அளிக்கப்படுதலும் பல போட்டிகளில் உண்டு. விரைவு நீக்கப்படவில்லை, அறிவின் அளவாக மாற்றப்பட்டது. இம் மாற்றமே இவ்வரலாற்றின் நடுநாயகம் என்று யாம் கருதுகின்றோம். 1996இல் நிறுவப்பட்ட என்.ஏ.கியூ.ரி., பேஸ் என்னும் இரு அமைப்புகளும் தேசியப் போட்டிகளின் வாயிலாக இதனை உயர்நிலைப் பாடசாலைகளிடையே பரப்பின.

இனிப் புதிய அணியொன்றைத் தொடங்கும் ஆசிரியரை நோக்குவோம். அவருக்கு வேண்டும் பொருள்கள் சிலவே: யார் முந்தினார் எனக் காட்டும் மணிக்கருவி, பழைய வினாத்தொகுப்புகள், தெளிவாக வாசிக்கும் குரல். கருவியின்றி மேசையைக் கையால் தட்டிப் பயின்ற அணிகளும் உண்டு. ஆசிரியர் எல்லாத் துறையிலும் வல்லவராதல் வேண்டா. வேண்டுவது வேறு. இருபது வினாக்கள் கொண்ட வழக்கமான தொகுப்பில் இலக்கியம், வரலாறு, விஞ்ஞானம் ஆகிய ஒவ்வொன்றிற்கும் நான்கு வினாக்கள் உரியன. ஓவியம், இசை முதலிய கலைகளுக்கு மூன்று. சமயம், புராணம், தத்துவம் ஆகியன சேர்ந்து மூன்று. எஞ்சியவை சமூகவியல், புவியியல் போன்றவை. வகுப்பில் முதலாம் இடம் பெறும் நால்வரைத் தெரிந்தெடுக்கும் ஆசிரியர் இங்கேயே வழுவுகின்றார். பரீட்சைக்கெனப் படிக்கும் அந்நால்வரும் ஒரே பகுதியை அறிந்து ஒரே பகுதியை அறியாதிருப்பர். ஓவியத்தில் மட்டும் பித்துக்கொண்டு கணிதத்திற் சித்தியெய்தாத மாணவன், அவர்கள் நால்வரும் வாய்மூடியிருக்கும் இடத்திலே மூன்று வினாக்களுக்கு உரியவன். அவனை அழைத்து அமர்த்துபவரே நல்ல பயிற்றுநர்.

முதலாண்டு தோல்வி ஏறக்குறைய உறுதி. எதிரணி முதல் வரியிலே அழுத்தும்போது, வினா முழுவதையும் கேட்கும் வாய்ப்புக்கூடப் புதியவர்களுக்குக் கிட்டாது. இந்நிலையிற் பலர் விலகிவிடுவர். தொடக்கநிலை அணிகளுக்கெனத் தனியே எளிய வினாத்தொகுப்புகள் இயற்றப்படுவது இதனாலேயாம். இளைய வகுப்பினரை அவற்றில் ஆடவைத்து, தவறவிட்ட விடைகளை ஒவ்வொருவரும் ஒரு குறிப்பேட்டில் எழுதச்செய்து, அவற்றுள் ஒன்றையேனும் அவ்வாரமே மூலநூலிற் படிக்கச்செய்தல் பயன் தரும். மாணவரே வினா இயற்றுதல் அதனினும் பயன் தரும். எந்தச் செய்தி அரிது, எது எளிது என்று எடைபோட வேண்டுமாயின் பொருளை நன்கு அறிந்திருத்தல் வேண்டுமன்றோ?

ஆயினும் ஓர் ஐயம் எஞ்சுகின்றது. வினா இயற்றுவோர் அரிய குறிப்புகளை மீண்டும் மீண்டும் கையாள, கூர்மதியுள்ள மாணவர் அக்குறிப்புகளையே தொகுத்து மனனஞ் செய்கின்றனர். நாவலொன்றை ஒரு பக்கமும் திறவாமல், அதன் கதைமாந்தர் பெயர்களை மட்டும் கற்று, படித்தவனை முந்துதல் கூடும். கூம்பக முறை எந்த அநீதியை நீக்க வந்ததோ அதுவே பின்வாயிலாற் புகுகின்றது. வினா இயற்றுவோர் பழகிய குறிப்புகளைக் கைவிட்டுப் புதியன தேட, மாணவர் அவற்றையும் தொகுக்க, இப்போராட்டம் ஓயாது நடைபெறுகின்றது. மனனஞ் செய்தவருள் ஒருசாரார் பின்னர் அந்நூல்களைத் தேடிப் படிக்கின்றனர் என்று இதற்குச் சமாதானம் கூறுவர். அஃது உண்மையே, எல்லாரும் படிக்கின்றனரல்லர் என்பதும் உண்மையே.

நேர்மைபற்றிய பழைய பிரச்சினையும் முற்றாக நீங்கவில்லை. வினா இயற்றும் பணியிலிருந்த ஆட்டக்காரர் ஒருவர் வினாக்கள் பற்றிய தகவல்களை முறையின்றிப் பார்வையிட்டமை வெளிப்பட, 2013இல் ஹாவட் பல்கலைக்கழக அணிகளின் நான்கு தேசியப் பட்டங்கள் மீளப்பெறப்பட்டன. இம்முறை மோசடி செய்தவர் நிகழ்ச்சித் தயாரிப்பாளரல்லர். அதனைக் கண்டுபிடித்து வெளியிட்டதும் அரசாங்க விசாரணைக் குழுவன்று, போட்டியை நடத்திய அமைப்பேயாம். போட்டி மாணவர் கைக்கு வந்தபின் அதன் காவலும் அவர்கள் கைக்கே வந்துவிட்டது.

பாடசாலையை விட்டு நீங்கிய ஆட்டக்காரர் பலர் சனிக்கிழமைகளிலே பழைய பாடசாலைகளுக்குத் திரும்பிவந்து, தாம் முன்னர் அமர்ந்திருந்த மேசைகளுக்கு எதிரேயிருந்து வினா வாசிக்கின்றனர். வாசித்து முடிந்த தொகுப்பு பொதுவில் விடப்படுகின்றது; அடுத்த ஆண்டு தொடங்கப்படும் ஏதோவோர் அணியின் முதற் பயிற்சிக்கு அதுவே பாடநூலாகின்றது.