மூச்சுக் கணக்கும் முக்குளிப்போர் கைக்கடிகாரமும்

மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்களுக்குக் கடிகாரம் தேவைப்படவில்லை. கல் கட்டிய கயிற்றில் கால் வைத்து இறங்குவார்கள். மூச்சு முட்டும் முன் கயிற்றை அசைப்பார்கள். தோணியில் நிற்பவர் இழுத்துவிடுவார். ஆழத்தைப் பாகத்தில் சொன்னார்கள்; ஒரு பாகம் என்பது இரு கைகளையும் விரித்த நீளம். முத்துப்பார்கள் பெரும்பாலும் ஐந்து முதல் பத்துப் பாகம். ஒரு முழுக்கு ஒரு நிமிடத்தை ஒட்டியே முடிந்துவிடும். ஆழத்துக்குக் கை அளவு, நேரத்துக்கு மூச்சு. முக்குளிப்போர் கைக்கடிகாரம் பிறந்தது கடலின் ஆழத்தால் அன்று, மூச்சு இந்தக் காவல் வேலையை இழந்ததால்தான் என்பதே என் வாதம். வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பதும் இதிலிருந்தே பிறக்கிறது.

1943இல் கூஸ்தோவும் காஞ்ஞனும் உருவாக்கிய சுவாசக் கருவி மூச்சின் தடையை நீக்கியது. ஆனால் அழுத்தக் காற்றைச் சுவாசிப்பவரின் உடம்பில் நைட்ரஜன் கரைந்து சேர்கிறது. எவ்வளவு சேரும் என்பது ஆழத்தையும் நேரத்தையும் பொறுத்தது. பாதுகாப்பாக மேலேறுவதற்கு ஹால்டேன் குழு 1908இல் வெளியிட்ட அட்டவணைகள் இந்த இரண்டையும் வைத்தே எழுந்தவை. நைட்ரஜன் சேர்வதை உடம்பு முன்கூட்டி உணர்த்தாது. 1926இன் ரோலக்ஸ் ஆய்ஸ்டரும் 1932இன் ஒமேகா மரீனும் நீரைத் தடுத்தன. கழிந்த நேரத்தைக் கணக்கிட்டுக் காட்டவில்லை. அந்தக் குறையைத் தீர்த்தவற்றுள் முன்னோடி, பிரெஞ்சுக் கடற்படை முக்குளிப்பாளர்கள் ஏற்ற பிளாங்பான் கடிகாரம், 1953. அதன் பெயரைத் தமிழில் சொன்னால் ‘ஐம்பது பாகம்’, ஏறத்தாழ 91 மீட்டர். பெயரில் ஆழம் இருந்தாலும் அதன் உயிர் முகப்பைச் சுற்றிய வளையத்தில் இருக்கிறது. இறங்கும்போது வளையத்தின் குறியை நிமிட முள்ளுக்கு நேராக வைத்தால், கழிந்த நிமிடங்களை முள்ளே காட்டும். பின்னாளில் வளையம் ஒரு திசையில் மட்டும் சுழலும்படி ஆனது. எதிலாவது இடித்து நகர்ந்தாலும் கழிந்த நேரம் கூடுதலாகத் தெரியுமே தவிர குறைந்து தெரியாது. பிழையைக்கூட உயிர் காக்கும் பக்கமாகத் திருப்பிவிட்ட அமைப்பு இது.

கடிகாரத்தில் பொறித்த ஆழ எண் கூடக் கூடப் பாதுகாப்பும் கூடும் என்று சிலர் வாதிடுவர். கை வீச்சால் அழுத்தம் எகிறும் என்பது அவர்கள் காட்டும் காரணம். ஆனால் விநாடிக்கு ஐந்து மீட்டர் வேகத்தில் வீசினாலும், ஏறத்தாழ 1.3 மீட்டர் ஆழத்தின் அழுத்தமே கூடுகிறது. பொழுதுபோக்கு முக்குளிப்பின் எல்லையே 40 மீட்டர். முக்குளிப்போர் கைக்கடிகாரங்களுக்கான ஐஎஸ்ஓ 6425 தரம் குறைந்தது 100 மீட்டர் தாங்குதிறன் கேட்கிறது. குறித்த ஆழத்தைவிட 25 விழுக்காடு மிகுந்த அழுத்தத்தில் சோதிக்கிறது. இருளில் 25 சென்டிமீட்டர் தொலைவில் நேரம் தெரிய வேண்டும் என்கிறது. முக்குளிப்புக் கணினி வந்தபின் கடிகாரம் எதற்கு என்ற கேள்வி இதைவிட வலுவானது. கணக்கிடும் பணியில் கணினியே மேல், மறுப்பதற்கில்லை. ஆனால் அது நீருக்கடியில் நின்றுபோனால், எத்தனை நிமிடம் கழிந்தது என்று சொல்ல இன்னொரு சாட்சி மணிக்கட்டில் வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு: மலேசியாவின் கமுந்திங்கிலிருந்து மேற்கே போனால் மாத்தாங் சதுப்புநிலக் காடு. ஆறுகள் சேற்றைக் கொண்டு சேர்க்கும் பேராக் கரைக்கடல் ஆழம் குறைந்தது, கலங்கலானது. இங்கே ஆயிரம் மீட்டர் முத்திரையைவிட, கலங்கிய நீரில் பளிச்சென்று தெரியும் நிமிட முள்ளே பயன்படும். 200 மீட்டர் தரமுள்ள ஒன்றை வாங்குங்கள். மிஞ்சும் பணத்தில் உள்ளிருக்கும் ரப்பர் வளையங்களை உரிய காலத்தில் மாற்றி, அழுத்தச் சோதனை செய்து வையுங்கள்.