இரண்டு அங்குல மெத்தை



வரலாறு என்றவுடன் மன்னர்களும் போர்களும் நம் நினைவுக்கு வருவது இயல்பே. ஆனால், மக்கள் அமர்ந்த ஒரு மரப்பலகைக்கும் வரலாறு உண்டு. இந்திய இரயில் பெட்டிகளில் பொருத்தப்பட்டிருந்த அந்தப் பலகையைப் பற்றியும், அதன்மீது இரண்டு அங்குல மெத்தையை இட்ட ஓர் ஆசிரியரைப் பற்றியும் இப்பதிவில் எழுத விழைகிறேன். அதனை இப்பொழுது எழுதுவதற்கு என் வகுப்பறையில் நிகழ்ந்த ஒன்றே காரணம். அதனை இறுதியில் கூறுகிறேன்.

என் பாட்டி 1960-களில் பினாங்கிலிருந்து ‘ரஜூலா’ கப்பலில் நாகப்பட்டினம் சென்று, அங்கிருந்து மூன்றாம் வகுப்பு இரயிலில் தம் ஊருக்குச் சென்றவர். கப்பலைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. இரயிலைப் பற்றித்தான் பேசுவார். துப்பட்டியை நான்காக மடித்துப் பலகைமேல் போட்டு அமர்ந்தும், இறங்கிய பிறகு இரண்டு நாள் இடுப்பு வலித்ததாம். “காசு குறைச்சல்னா கட்டைதான்” என்பார். அந்த ஒரு சொற்றொடரில் நூறாண்டு வரலாறு அடங்கியிருந்ததைச் சிறுவனாகிய நான் அன்று உணரவில்லை.

பலகையின் தொடக்கம்

இந்தியாவில் முதல் பயணிகள் இரயில் 1853 ஏப்ரல் 16-ஆம் நாள் பம்பாயிலிருந்து தாணேவுக்கு ஓடியது. தென்னகத்தில் 1856 ஜூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை இரயில் ஓடத் தொடங்கியது. தொடக்கம் முதலே பயணிகள் வகுப்பு வாரியாகப் பிரிக்கப்பட்டனர். முதல் வகுப்பினருக்கு மெத்தையிட்ட இருக்கை. கீழ் வகுப்பினருக்கு மரப்பலகை. இரயிலில் சென்றவர்களுள் மிகப் பெரும்பாலோர் கீழ் வகுப்பினரே என்பதை நாம் மறக்கலாகாது.

மரப்பலகையை வைத்ததற்கு நிர்வாகத்திடம் காரணங்கள் இருந்தன. மரம் எளிதில் கிழியாது. தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடலாம். மூட்டைப்பூச்சி புகுவதற்குப் பஞ்சு இல்லை. இருபது பேருக்கான இடத்தில் நாற்பது பேர் ஏறினாலும் பலகை தாங்கும். இக்காரணங்கள் அனைத்தும் பெட்டியைப் பராமரிப்பவரின் வசதியைக் கருதியவை. அதில் அமர்பவரின் வசதி இப்பட்டியலில் எங்கும் இல்லை.

காந்தியடிகள் கண்ட பெட்டி

தென்னாப்பிரிக்காவிலிருந்து 1915-இல் தாயகம் திரும்பிய காந்தியடிகள், மூன்றாம் வகுப்பில் பயணம் செய்வதைத் தாமே விரும்பி ஏற்றார். திரும்பி வந்த இரண்டரை ஆண்டுகளில் கால்பங்குக்கும் மேலான காலத்தை அவர் இரயிலிலேயே கழித்திருந்தார். 1917-ஆம் ஆண்டு செப்டம்பரில் பம்பாயிலிருந்து சென்னைக்கு 13 ரூபாய் 9 அணா கொடுத்துப் பயணம் செய்தபின், மூன்றாம் வகுப்பின் நிலையைச் செய்தித்தாள்களுக்கு விரிவாக எழுதினார்.

பெட்டியில் 22 பேர் பயணம் செய்யலாம் என்று எழுதியிருந்தது. அதுவும் உட்காருவதற்கு மட்டுமே. இரண்டு இரவுகள் கடக்க வேண்டிய பயணத்தில் பாதுகாப்பாகப் படுப்பதற்கு இடமில்லை. வழியில் பெரும்பகுதித் தூரம் 35 பேருக்கு மேல் நெருக்கியடித்துச் சென்றனர். சிலர் அழுக்குத் தரையில் கிடந்தனர். சிலர் நின்றுகொண்டே சென்றனர். முதல் வகுப்புக் கட்டணம் மூன்றாம் வகுப்புக் கட்டணத்தைப் போல் ஐந்து மடங்குக்குச் சற்று மேல். அவ்வாறாயின் ஐந்தில் ஒரு பங்கு வசதியேனும் ஏழைக்குக் கிடைக்க வேண்டாமா என்று அவர் வினவினார். ஏழைக்கு எல்லாம் இலவசமாக வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. கொடுத்த காசுக்குரிய மதிப்பைத்தான் கேட்டார்.

பெயர் மாறியது

விடுதலைக்குப் பின்னர் மாற்றங்கள் வந்தன. 1955-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் சென்னை பெரம்பூரில் இரயில் பெட்டித் தொழிற்சாலையைப் பிரதமர் நேரு திறந்து வைத்தார். எஃகுப் பெட்டிகள் நம் தமிழ் மண்ணிலேயே உருவாகத் தொடங்கின. பெட்டியின் உடல் எஃகானது. ஏழையின் இருக்கையோ மரமாகவே நீடித்தது.

1974-இல் மூன்றாம் வகுப்பு என்ற பெயர் நீக்கப்பட்டது. மூன்றாம் வகுப்புப் பயணி ஒரே நாளில் இரண்டாம் வகுப்புப் பயணியானார். பெட்டியின் பக்கவாட்டில் எழுதியிருந்த எண் மாறியது. உள்ளே அதே பலகை. பெயர் மாற்றமும் ஒரு வகையில் தேவைதான். மூன்றாமவன் என்று அழைக்கப்படாமல் இருப்பதிலும் ஒரு மதிப்பு உண்டு. எனினும், இடுப்பு வலிக்குப் பெயர்ப்பலகை மருந்தாகாது.

இயற்பியல் பேராசிரியர் செய்தது

1977 மார்ச்சு மாதம் மொரார்ஜி தேசாய் தலைமையில் அமைந்த அரசில் மது தண்டவதே இரயில்வே அமைச்சரானார். அவர் பம்பாய் சித்தார்த்தா கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராகப் பணியாற்றியவர். அண்ணல் அம்பேத்கர் நிறுவிய மக்கள் கல்விக் கழகத்தின் கல்லூரி அது. நெருக்கடி நிலைக் காலத்தில் தண்டவதே பெங்களூர்ச் சிறையில் அடைக்கப்பட்டிருந்தார். சிறையிலிருந்து வந்தவர் அமைச்சரானதும் எடுத்த முடிவுகளுள் ஒன்று, இரண்டாம் வகுப்புப் படுக்கைப் பலகைகளின் மேல் இரண்டு அங்குலத் தடிமனுள்ள நுரை மெத்தையைப் பொருத்துவது.

முதல் வகுப்பைத் தாழ்த்துவது தம் நோக்கமன்று, இரண்டாம் வகுப்பை உயர்த்துவதே நோக்கம் என்று அவர் விளக்கினார். சமத்துவம் பேசுவோர் பலர், மேலே இருப்பவரைக் கீழே இழுப்பதோடு நின்றுவிடுவதுண்டு. அவரோ கீழே இருப்பவருக்கு இரண்டு அங்குலம் சேர்த்தார்.

இரண்டு அங்குலம் என்பது ஏறத்தாழ 5 சென்டிமீட்டர். அதனால் என்ன ஆகிவிடும் என்று தோன்றலாம். இங்கே ஓர் இயற்பியல் பாடம் இருக்கிறது. அழுத்தம் என்பது எடையைப் பரப்பளவால் வகுத்து வருவது. மரப்பலகையில் அமரும்பொழுது நம் உடல் எடையின் பெரும்பகுதி இடுப்பெலும்பின் இரண்டு முனைகளில் இறங்குகிறது. நுரை அமுங்கி உடலின் வளைவுக்கேற்ப வளைந்து கொடுப்பதால், உடல் தொடும் பரப்பு கூடுகிறது. பரப்பு கூடினால் அழுத்தம் குறையும். எடை மாறவில்லை, வலி குறைகிறது. தண்டவாளத்திலிருந்து எழும் அதிர்வையும் நுரை ஓரளவு உள்வாங்கிக்கொள்கிறது. ஐந்தாம் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு இதனை ஓர் எழுதுகோலின் கூர்முனையையும் அடிப்பகுதியையும் உள்ளங்கையில் அழுத்திக் காட்டியே விளக்கிவிடலாம்.

1977 டிசம்பர் 26-ஆம் நாள் பம்பாயிலிருந்து கல்கத்தாவை நோக்கி ‘கீதாஞ்சலி விரைவு இரயில்’ புறப்பட்டது. அதில் பயணிகள் அனைவருக்கும் ஒரே வகுப்பு, மெத்தையிட்ட படுக்கைகள். தாகூரின் நூற்பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. அந்த அரசு 1979-இல் கவிழ்ந்தது. ஆனால், மெத்தை கவிழவில்லை. அடுத்தடுத்து வந்தவர்களும் அப்பணியைத் தொடர, 1980-களின் இறுதிக்குள் இரண்டாம் வகுப்புப் படுக்கைகள் பெரும்பாலும் மெத்தையாகிவிட்டன. முன்பதிவில்லாப் பெட்டிகளில் மட்டும் பலகை மேலும் நெடுங்காலம் இருந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்லத்தான் வேண்டும். பேராசிரியர் தண்டவதே 2005 நவம்பர் 12-ஆம் நாள் மறைந்தார்.

நான் முதன்முறையாகச் சென்னையிலிருந்து மதுரைக்கு இரயிலில் சென்றபொழுது, நீல உறையிட்ட அந்த மெத்தையில் படுத்து நன்றாக உறங்கினேன். அதற்கு யார் காரணம் என்று அன்று நான் கேட்கவில்லை. வசதி வந்த பிறகு அது எப்பொழுதும் இருந்தது போலவே நமக்குத் தோன்றிவிடுகிறது.

என் வகுப்பறையில்

இப்பொழுது தொடக்கத்தில் கூறிய செய்திக்கு வருகிறேன். முதலாம் ஆண்டு வகுப்பில் மாணவன் ஒருவன் ஒழுங்காக உட்காரவே மாட்டான். நாற்காலியில் மண்டியிடுவான், ஒரு காலை மடித்து அதன்மேல் அமர்வான், சற்று நேரத்தில் எழுந்து நிற்பான். பல நாள் கண்டித்தேன். ஒரு நாள் பின்வரிசையில் நிற்க வைத்தேன். அவன் தாயாரிடமும், பிள்ளைக்குக் கவனம் போதாது என்று கூறிவிட்டேன்.

ஒரு மாலை, பள்ளி முடிந்த பின்னர் பயிற்சி நூல்களைத் திருத்துவதற்காக அவனுடைய இடத்தில் அமர்ந்தேன். அது மேல் வகுப்பிலிருந்து கொண்டுவரப்பட்ட நாற்காலி. என்னைப் போன்ற பெரியவனுக்கே அது பொருத்தமாக இருந்தது. அப்படியென்றால் அவன் கால்கள் தரையைத் தொட வழியில்லை. மேசையோ அவன் மார்பு உயரம். மண்டியிட்டால்தான் அவனுக்கு எழுத முடியும். பலகைமேல் துப்பட்டியை மடித்துப் போட்ட என் பாட்டியின் வேலையைத்தான் அவனும் செய்திருக்கிறான். நான் அதனைக் குறும்பு என்று பெயரிட்டுவிட்டேன். என் நாற்காலியிலோ என் மனைவி தைத்துக் கொடுத்த பஞ்சணை இருக்கிறது.

மறுநாள் பாலர் வகுப்பினரிடம் கேட்டுச் சிறிய மேசையும் நாற்காலியும் கொண்டுவந்து போட்டேன். அவன் இன்றும் வாயாடிதான். ஆனால், மண்டியிடுவதில்லை. அவன் தாயாரைத் தொலைபேசியில் அழைத்து, என் கணிப்பு தவறு என்று தெரிவித்தேன். அந்த அழைப்பு எனக்கு எளிதாக இல்லை.

ஆசிரியர்களே, நாளை காலை உங்கள் வகுப்பில் மிகச் சிறிய பிள்ளையின் இடத்தில் பத்து நிமிடம் அமர்ந்து பாருங்கள். பெற்றோர்களே, வீட்டில் பிள்ளை படிக்கும்பொழுது இரு பாதங்களும் தரையில் படிகின்றனவா, முழங்கை மேசை உயரத்திற்கு வருகிறதா என்று பாருங்கள். கால் எட்டவில்லையெனில் பழைய செய்தித்தாள் கட்டு ஒன்றைக் கீழே வைத்தாலும் போதும். செலவு ஒன்றுமில்லை. அந்த இடத்தில் அமர்பவரை ஒரு கணம் நினைத்துப் பார்த்தால் போதுமானது.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள். மீண்டும் அடுத்த பதிவில் சந்திப்போம்.