சவுக்குக் கொப்பும் பிளாஸ்டிக் மரமும்

டிசம்பர் பிறந்துட்டா பட்டணத்துல இருக்கிற சொந்தக்காரங்க, சிநேகிதங்க பேச்சுல இந்த விஷயம் எப்படியும் வந்துரும். கிறிஸ்துமஸுக்கு ஒரிஜினல் மரம் வைக்கிறதா, பிளாஸ்டிக் மரம் வாங்குறதா? "நீங்க விவசாயி அண்ணாச்சி, நீங்களே சொல்லுங்க. நாலு நாள் அழகுக்காக ஒரு மரத்தை வெட்டுறது பாவம் இல்லையா?" என்று கேட்கிறவர்களும் உண்டு.

நான் கோமதியம்மனைக் கும்பிடுகிறவன். ஆனாலும் எங்கள் பக்கத்தில் வேதக்கோயில் இல்லாத வட்டாரம் கிடையாது. பண்டிகைக்கு அதிரசமும் முறுக்கும் வீடு மாறி வந்துவிடும். அதனால் இதில் நானும் ஒரு வார்த்தை சொல்லலாம் என்று நினைக்கிறேன். பதிலைக் கடைசியில் சொல்கிறேன். அதுக்கு முன்னால, எது ஒரிஜினல்னு கொஞ்சம் பின்னால போய்ப் பாக்கணும்.

நம்ம திருநெல்வேலிச் சீமையில் கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு வயசு ஜாஸ்தி, கிறிஸ்துமஸ் மரத்துக்கு வயசு கம்மி. சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தது 1542ல். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற காமநாயக்கன்பட்டியில் 1700களின் தொடக்கத்தில் வீரமாமுனிவர் இருந்து ஊழியம் பார்த்திருக்கிறார். பாளையங்கோட்டையில் குளோரிந்தா அம்மாள் கோயில் கட்டியது 1785ல். பாப்பாத்தியம்மாள் கோயில் என்றுதான் இன்னும் ஜனங்கள் சொல்கிறார்கள். ஜெர்மன் நாட்டுக்காரரான ரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்தது 1820ல்.

இப்போ மரத்தின் கதைக்கு வருவோம். இன்றைக்கு பிரான்சில் இருக்கிற ஸ்ட்ராஸ்பர்க் நகரத்தில், 1605ல் ஜனங்கள் வீட்டுக்குள் ஃபிர் மரத்தை நட்டு, காகித ரோஜாவும் ஆப்பிளும் மிட்டாயும் தொங்கவிட்டார்கள் என்று ஒரு குறிப்பு இருக்கிறது. ரொம்ப காலத்துக்கு அது ஜெர்மன் பேசுகிறவர்களின் வழக்கமாகவே இருந்தது. இங்கிலாந்தில் ஜார்ஜ் ராஜாவின் மனைவி சார்லோட், ஜெர்மன் நாட்டுப் பெண், 1800ல் வின்ட்சரில் ஒரு மரம் வைத்தார். ஆனால் அது அரண்மனையோடு நின்றுவிட்டது. 1848 டிசம்பரில் விக்டோரியா ராணியும் ஆல்பர்ட்டும் குழந்தைகளோடு மரத்தைச் சுற்றி நிற்கிற படம் லண்டன் பத்திரிகை ஒன்றில் வந்தது. அதைப் பார்த்துத்தான் வசதியான வீடுகள் எல்லாம் மரம் வைக்க ஆரம்பித்தன.

கணக்குப் போட்டுப் பாருங்க. குளோரிந்தா அம்மாள் பாளையங்கோட்டையில் கோயில் கட்டின காலத்தில், இங்கிலீஷ்காரன் வீட்டிலேயே மரம் கிடையாது. ராக்லண்ட் ஐயர் 1854ல் வடக்குத் திருநெல்வேலியில் கூடாரம் போட்டு ஊர் ஊராகச் சுற்ற ஆரம்பித்தபோது, இங்கிலாந்திலேயே மரம் புது ஃபேஷன். மரம் இல்லாமலேயே முந்நூறு வருஷத்துக்கு மேல் இந்தச் சீமையில் பண்டிகை நடந்திருக்கிறது.

மரத்தை விடப் பழசு குடில்தான். அசிசியார் 1223ல் இத்தாலியில் கிரெச்சியோ என்ற ஊரில் மாட்டையும் கழுதையையும் நிறுத்தி வைக்கோல் போட்டு ஆரம்பித்து வைத்தது என்பார்கள். வைக்கோலும் மாடும் நமக்குப் புதுசா என்ன? குடிலில் புல் வேணும் என்பதற்காகச் சில வீடுகளில் பத்துப் பன்னிரண்டு நாளைக்கு முன்னாடியே தட்டில் மண் பரப்பிக் கேப்பையோ கம்போ விதைத்துவிடுவார்கள். நம்ம அம்மன் கோயில் முளைப்பாரியும் அதே கைவேலைதான்.

அப்புறம் மரம் நம்ம ஊருக்கும் வந்தது. வழக்கம் கப்பலேறி வந்துவிடும், ஃபிர் மரம் வருமா? அது குளிர் தேசத்து மரம். சங்கரன்கோவில் வெயிலுக்கு ஒரு சித்திரை தாங்காது. கொடைக்கானலிலும் ஊட்டியிலும் இருக்கிற பைன் மரங்கள்கூட மனுசன் கொண்டுவந்து நட்டவை. நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையில் தானாக வளரும் ஊசியிலைக் குடும்பத்து மரம் ஒன்றே ஒன்றுதான். நிரம்பல்லி என்பார்கள். அதற்கும் இலை ஊசி மாதிரி இருக்காது, பட்டையாக இருக்கும்.

அந்த இடத்தை நிரப்பியது சவுக்கு. அதுவும் நம்ம மரம் இல்லை. தென்கிழக்கு ஆசியா, ஆஸ்திரேலியா, பசிபிக் தீவுகள் பக்கத்துக் கடற்கரை மரம். இங்கே பெரிய அளவில் நட்டது விறகுக்காக. சென்னை ராயபுரத்திலிருந்து 1856ல் ரயில் ஓட ஆரம்பித்தது. அந்தக் காலத்து எஞ்சினுக்கு விறகு வேணும். காட்டை வெட்டிக்கொண்டே போனால் எத்தனை நாளைக்குக் காணும்? அதனால் 1860களில் சென்னை மாகாணத்துக் கடற்கரை மணலில் சவுக்குத் தோப்பு போட ஆரம்பித்தார்கள். பிறகு ரயில் நிலக்கரிக்கு மாறிவிட்டது, சவுக்கு நம்மகூடவே தங்கிவிட்டது. பந்தல் கால், கட்டடச் சாரம், அடுப்பு விறகு, இப்போ காகித மில் என்று அதுக்கு வேலை ஓயவில்லை. நம்ம ஆடித்தபசுக்குப் பந்தல் போடுவதும் சவுக்குக் கம்பில்தான்.

சவுக்கு பார்க்கத்தான் பைன் மாதிரி. நாம் ஊசியிலை என்று நினைப்பது இலையே இல்லை, பச்சைக் குச்சி. உண்மையான இலை அந்தக் குச்சியின் ஒவ்வொரு கணுவிலும் கண்ணுக்குத் தெரியாத செதிலாக இருக்கும். சின்னப் பிள்ளையில் நீங்களும் விளையாடியிருப்பீங்க. ஒரு கணுவில் இழுத்துப் பிரித்து, மறுபடி சொருகி வைத்து, "எங்கன ஒடஞ்சிருக்கு சொல்லு?" என்று கேட்போமே, அந்தக் குச்சிதான். வேரில் முடிச்சு இருக்கும். அதில் வாழும் நுண்ணுயிர் காற்றில் இருக்கிற தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கும். வெறும் மணலிலும் சவுக்கு வளர்வது அதனால்தான்.

எங்கள் பக்கத்து வீடுகளில் மரம் வைத்த விதம் இதுதான். ஒரு சவுக்குக் கொப்பு. அதை நட்டு வைக்க மண் நிரப்பிய எண்ணெய் டின். டின்னைச் சுற்றிக் கலர்த்தாள். பனிக்குப் பதிலாக நம்ம கரிசல் காட்டுப் பஞ்சு. காலித் தீப்பெட்டியை ஜிகினாத் தாளில் சுற்றிப் பரிசுப்பொட்டி மாதிரி நூலில் கட்டித் தொங்கவிடுவார்கள். பண்டிகை முடிந்து புது வருஷமும் போனால், கொப்பு காய்ந்து அடுப்புக்குப் போகும், மண் பூச்செடிக்குப் போகும், டின் அடுத்த வருஷத்துக்குப் பரணில் ஏறும். குப்பை என்று தனியாக ஒன்றும் மிஞ்சாது.

பிளாஸ்டிக் மரத்தை நேற்று வந்த அமெரிக்க நாகரிகம் என்று நினைக்க வேண்டாம். போலி மரமும் பிறந்தது ஜெர்மனியில்தான். 1800களில் அங்கே ஆளாளுக்குக் காட்டு மரத்தை வெட்ட, காடு கெடுகிறது என்ற கவலை வந்தது. வாத்து இறகில் பச்சைச் சாயம் ஏற்றி, கம்பியில் சுற்றிக் கிளை மாதிரி செய்தார்கள். ஆக, "மரத்தை வெட்டலாமா" என்று இன்றைக்கு நீங்கள் கேட்கிற கேள்வி அப்பவே கேட்ட கேள்விதான். பிறகு 1959ல் அமெரிக்காவில் மானிடோவாக் என்ற ஊரில் ஒரு கம்பெனி அலுமினியத் தகட்டில் பளபள மரம் போட்டது. கொஞ்ச காலம் நன்றாக ஓடியது. 1965ல் டி.வி.யில் வந்த சார்லி பிரவுன் கார்ட்டூன் அதைக் கேலி செய்தது. அப்புறம் அதன் மவுசு குறைந்துவிட்டது. அந்த இடத்தைப் பிடித்தது பி.வி.சி. மரம். நம்ம தண்ணீர்க் குழாய்க்குப் போடுகிற அதே சரக்கு. பச்சைத் தாளாக அடித்து, நாராக நறுக்கி, இரண்டு கம்பிக்கு நடுவில் வைத்து முறுக்குவார்கள். பாட்டில் கழுவுகிற பிரஷ் எப்படி இருக்கும், அதே அமைப்பு. இன்றைக்கு உலகத்தில் விற்பதில் பெரும்பகுதி சீனாவில் செய்தது.

சரி, எது நல்லது? இங்கிலாந்தில் கார்பன் டிரஸ்ட் என்ற அமைப்பு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. இரண்டு மீட்டர் பிளாஸ்டிக் மரம் ஒன்று செய்து முடிக்கச் சுமார் 40 கிலோ கரிப்புகை காற்றில் கலக்கிறது. அதே உயரத்து நிஜ மரத்தைக் கடைசியில் எரித்தோ, தூளாக்கி மண்ணில் பரப்பியோ விட்டால் 3.5 கிலோதான். அதையே குப்பைமேட்டில் புதைத்து மக்கவிட்டால் 16 கிலோ. அதாவது பிளாஸ்டிக் மரத்தைப் பத்துப் பன்னிரண்டு வருஷம் விடாமல் வைத்தால்தான் கணக்கு சமமாகும். அதுவும் அவர்கள் சொல்வது ஒரு முழு மரத்துக்கு. நாம் வைப்பது ஒரு கொப்பு.

இங்கேதான் விவசாயி சொல்ல வேண்டியது ஒன்று இருக்கு. சவுக்கு காட்டு மரம் இல்லை, வெள்ளாமை. மீட்டருக்கு ஒரு கன்று வைத்தால் ஏக்கருக்கு நாலாயிரம் கன்று. முன்னெல்லாம் நாலஞ்சு வருஷம் ஆகும். இப்போ வந்திருக்கிற புது ரகங்களை மூணு வருஷத்திலேயே வெட்டுகிறார்கள். மரம் நேராக ஓங்கி வர, ஒரு வருஷம் ஆனதும் அடிக்கொப்புகளைக் கழித்துவிட வேண்டும். நாங்கள் எப்படியும் கழிக்கிற கொப்பு அது. மில்லுக்காரனுக்குக் கட்டைதான் வேணும், கொப்புக்கு யாரும் விலை தர மாட்டான். நீங்கள் கிறிஸ்துமஸுக்கு ஒரு கொப்பு வாங்கினால் ஒரு மரமும் சாகாது. கத்திரிக்காய் பறிச்சா செடி செத்துருமா? அந்த மாதிரிதான். மரத்தையே வெட்டினாலும் அந்த இடத்தில் அடுத்த போகத்துக்குக் கன்று வைப்போம். வாங்க ஆள் இல்லை என்றால்தான் நிலம் பிளாட்டாகும்.

தொட்டிச் செடிக் கதையும் ஒன்று உண்டு. நர்சரிகளில் கிறிஸ்துமஸ் மரம் என்று விற்கிறார்களே, அடுக்கடுக்காகக் கிளை விரித்து நிற்பது, அது அரக்கேரியா. நார்ஃபோக் தீவு என்ற சின்னத் தீவின் மரம். 1774ல் கேப்டன் குக் அதைப் பார்த்துவிட்டு, கப்பல் பாய்மரத்துக்கு ஆகுமே என்று ஆசைப்பட்டார். தொட்டியில் பல வருஷம் இருக்கும். நல்ல வெளிச்சம் வேணும், ஆனால் கன்றாக இருக்கும்போது எங்கள் ஊர் உச்சிவெயில் ஆகாது. நுனியை மட்டும் கிள்ளிவிடாதீர்கள். நுனி போனால் அதன் அழகான அடுக்கு போய்விடும்.

நான் ஏன் இதை இவ்வளவு தூரம் எழுதுகிறேன் என்றால், விஷயம் கிறிஸ்துமஸ் மரத்தோடு நிற்கவில்லை. சங்கரன்கோவில் பூ மார்க்கெட் பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மார்கழிப் பனியில் மல்லி வரத்து குறையும், விலை ஏறும். அந்த ஒரு மாச விலையை நம்பித்தான் எங்களைப் போல அரை ஏக்கர் பூக்காரன் வருஷம் முழுக்க மருந்தும் தண்ணீரும் விட்டுக் காத்திருப்பான். இப்போ கடைகளில் சாமி படத்துக்குப் பிளாஸ்டிக் மாலை, வாசலுக்குப் பிளாஸ்டிக் மாவிலை, கல்யாண மேடையில் பிளாஸ்டிக் பூ. "வாடாதுல்ல" என்கிறார்கள். வாடாதது மக்கவும் செய்யாது. ஒரு தடவை டவுன் குப்பையில் செய்த உரம் ஒரு லோடு வாங்கி அடித்தேன். இன்றைக்கும் அந்த வயலை உழுதால் பச்சையும் சிவப்புமாக ஜிகினாத் துண்டு மேலே வருது. யார் வீட்டு மாலையோ, யார் வீட்டு மரமோ! நீங்கள் தூக்கிப் போடுவது கடைசியில் எங்கேயோ ஒரு மண்ணில்தான் வந்து விழுகிறது.

அதனால் என் பதில் இதுதான். வீட்டில் ஏற்கெனவே பிளாஸ்டிக் மரம் இருந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு நல்லபிள்ளை ஆக வேண்டாம். துடைத்து, பெட்டியில் வைத்து, பதினைந்து இருபது வருஷம் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் வையுங்கள். போடுகிற காலம் வந்தால் எரிக்க மட்டும் செய்யாதீர்கள். பி.வி.சி. புகை நெஞ்சுக்கு விஷம். புதிதாக வாங்கப் போகிறவர்கள் ஒரு சவுக்குக் கொப்பைத் தேடுங்கள். இடமும் வெளிச்சமும் இருந்தால் தொட்டிச் செடி வையுங்கள். அதுவும் இல்லையென்றால் வாசலில் நிற்கிற வேம்பிலோ நெல்லியிலோ நட்சத்திரத்தைக் கட்டுங்கள். ஃபிர் கிடைக்காத ஊரில் சவுக்கை வைத்தவர்கள் யாரும் பண்டிகையைக் குறைவாகக் கொண்டாடவில்லை. கிட்டத்தில் எந்த மரம் பச்சையாக நிற்கிறதோ, அதுதான் ஒரிஜினல்.

சங்கரன்கோவிலின் பழைய பெயர் புன்னைவனம். சங்கரநாராயணர் கோயிலின் தலமரமும் புன்னைதான். மரத்தை நடுவில் வைத்துச் சாமி கும்பிடுவது எங்கள் ஊருக்குப் பழக்கமான விஷயம். எல்லாருக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். அதிரசம் மிஞ்சினால் இந்தப் பக்கம் அனுப்பி வையுங்க.